சீரியல் போர்ட்டுக்கு நான் எழுதிய பெயர்

என் பெட்டி தப்புச் செய்யாது என்று நான் ஃபோனில் சொன்னது ஒரு புதன்கிழமை காலை. சொன்ன விதமும் நினைவிருக்கிறது. ஒரு கையில் சால்டரிங் அயன், இன்னொரு கையில் ஃபோன், குரலில் கொஞ்சம் எரிச்சல். சாமளாபுரம் பக்கம் இருக்கும் ஒரு சாயப்பட்டறையின் முதலாளி அந்தப் பக்கம் இருந்தார். ஆலிவ் பச்சையில் இரண்டு லாட் துணி தொடர்ந்து திரும்பி வந்துவிட்டதாம். பனியனின் உடம்புத் துணி ஒரு நிறம், அதற்குத் தைக்க வேண்டிய காலர் ரிப் இன்னொரு நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கடையில் தனித்தனியாக எடுத்தது மாதிரி இருக்கிறதாம்.

"பொட்டில ஏதாச்சும் கோளாறு இருக்குங்களா அம்மிணி? இல்லீன்னா மாஸ்டரத்தான் மாத்தோணும். வெள்ளிக்கிழமை ஒரு லாட் போடறோம். அதுவும் போச்சுன்னா சனிக்கிழமையோட கணக்க முடிச்சு அனுப்பிச்சுரலாம்னு இருக்கறனுங்க. அவருக்குக் கண்ணு போயிருச்சுன்னு நெனைக்கறேன்."

பெட்டி தானே எழுதி எனக்கு அனுப்பும் அந்தப் பட்டறையின் பதிவேட்டைக் கணினியில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு லாட்டிலும் உப்பு போன நேரம், சோடா போன நேரம், சூடு ஏறிய வேகம், எல்லாம் வரிசையாக, ஒரு வரி பிசகாமல் இருந்தது. பெட்டியில் ஒன்றும் இல்லீங்க என்றேன். என் பெட்டி தப்புச் செய்யாது என்ற வாக்கியத்தையும் கூடச் சேர்த்தேன். அவர் சரிங்க என்று வைத்துவிட்டார்.

நான் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணரையில் ஒரு தையல் யூனிட்டின் மாடியில் என் பட்டறை இருக்கிறது. கீழே ஓவர்லாக் மிஷின்கள் ஓடினால் என் மேஜையில் ஸ்க்ரூக்கள் தானாக நகரும். பழைய சாய மிஷின்களின் மூளை கெட்டுப்போனால், மிஷின் கம்பெனிக்காரர்கள் அந்த மாடலே இப்போது இல்லை, புது மிஷின் வாங்குங்கள் என்பார்கள். நான் அதற்குப் பதிலாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்துப் பெட்டி கட்டிக் கொடுப்பேன். துணி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது எப்போது சூடேற்ற வேண்டும், எப்போது எவ்வளவு சோடா விட வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான். பத்துப் பன்னிரண்டு பட்டறைகளில் ஓடுகிறது. பொம்பளை கட்டின பெட்டி ஓடுமா என்று கேட்டவர்கள் இரண்டாவது பெட்டியும் என்னிடம்தான் வாங்கினார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்கப் போவதில்லை.

அப்படி ஃபோனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. அந்த மாஸ்டரை எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய பாய், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பதினெட்டு வயதிலிருந்து சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர். ஈரத் துணியைப் பார்த்தே காய்ந்தால் என்ன நிறம் என்று சொல்வார். ஷேடு, அதாவது நிறம், தப்பிப்போனதற்காக ஒரு மாஸ்டரை அனுப்பினால், அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் சாயப்பவுடர் விற்கிறவர்கள் மூலமாகச் செய்தி எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். அதற்குப் பிறகு அவரை யாரும் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். கண் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினால் அந்த மனிதரின் கதை முடிந்தது. நான் போய்ப் பார்த்துப் பெட்டியில் கோளாறு இல்லை என்று நேரில் நிரூபித்துவிட்டால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் வியாழக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தேன். அவரைக் காப்பாற்றப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

பட்டறைக்குள் நுழைந்தபோது மாஸ்டர் இரண்டாம் நம்பர் மிஷினின் பக்கத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மக்கைப் பின்னால் வைத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் அப்படிச் செய்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"டாப்பிங்குங்களா பாய்?" என்றேன்.

டாப்பிங் என்றால் நிறம் குறைவாக வந்த துணிக்கு மேலே கொஞ்சம் சாயத்தைக் கூட்டிச் சரிக்கட்டுவது. எல்லா மாஸ்டரும் செய்வார்கள், எவரும் ஷீட்டில் எழுதமாட்டார்கள். எழுதினால் தன் கணக்குத் தப்பிப்போனது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

அவர் முதலில் இல்லீங்க என்றார். பிறகு மக்கைக் கீழே வைத்தார்.

"நாலு மாசமா இதே கதைதானுங்க தங்கச்சி. லேப்ல எடுத்த கணக்கத்தான் போடறேன். வெளிறி வருது. கண்ணால பாத்துக் கூட்டறேன். சில தடவ ஒட்டிக்குது, சில தடவ திட்டுத் திட்டா நின்னுருது. கண்ணுதான் மோசம் பண்ணுதுன்னு ஊட்ல சொன்னேன். ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வந்தேன். வயசுக்குத் தக்க இருக்குதுன்னு சொல்லீட்டாங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாலு மாதமாக ஒருவர் வாயைத் திறக்காமல் மக்கை வைத்துத் துணியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், என் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தானே தெரியும்? இதை ஒரு வார்த்தை எழுதியிருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பேனே என்று சத்தம் போட்டேன். கேட்க வேண்டிய கேள்வி எனக்குப் பிறகுதான் தோன்றியது. எல்லா மிஷினிலும் இப்படியா?

"இல்லீங்க. ரெண்டுலயும் நாலுலயும் மட்டுந்தான். ஒண்ணும் மூணும் தங்கமாட்ட ஓடுது, காலர் ரிப்பெல்லாம் அதுலதான் போடறோம்."

ஒன்றும் மூன்றும் பழைய போர்டு வைத்து நான் கட்டிய பெட்டி. இரண்டும் நாலும் நான் நாலரை மாதம் முன்பு மாட்டிய புதுப் பெட்டி.

இரண்டாம் மிஷினின் ஆபரேட்டர் ஒடிசாக்காரர். அவர் சோடாத் தொட்டியைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவும்போது அடியிலிருந்து வெள்ளையாக நிறையவே வெளியே போனது. இது என்ன என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன்.

"தோடா பச்தா ஹை, மேடம்," என்றார். கொஞ்சம் மிஞ்சுமாம். தினமுமா என்றால், தினமும் இல்லை, இந்த மிஷினில் அடிக்கடி என்றார். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அதனால் கழுவிவிட்டார். மிச்சம் இருந்ததா என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மாஸ்டரும் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது மாஸ்டரின் முகத்திலேயே தெரிந்தது.

சோடா போனால்தான் சாயம் பருத்தியைப் பிடிக்கும். பத்துத் தவணையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொட்டியில் மிஞ்சுகிறது என்றால் சில தவணை போகவே இல்லை. ஆனால் என் பதிவேடு பத்தும் போனதாகச் சொல்கிறது. ஏன் என்றால், நான் எழுதிய நிரல் ஆணையை அனுப்பியதும் அனுப்பினேன் என்று குறித்துக்கொள்ளும். சோடாவை உள்ளே விடும் பம்ப் பதில் சொல்லாத ரகம். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை. இதை வைத்துக்கொண்டுதான் நான் முந்தைய நாள் ஃபோனில் அவ்வளவு திமிராகப் பேசியிருந்தேன்.

மிஷினில் இருந்த லாட் இறங்கியதும் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, போர்டு உயிர்பெறும்போது அது சொல்லும் வரிகளை ஓடவிட்டேன். பாதியிலேயே கண்ணில் பட்டுவிட்டது. மிஷினோடும் பம்போடும் கம்பி வழியாகப் பேசும் வாசலான சீரியல் போர்ட்டைப் பழைய பொது ரகம் என்று அறிவித்துவிட்டு, போர்டை ஓட்டும் லினக்ஸ் மேலே போய்க்கொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சின்ன போர்டுகளில் லினக்ஸுக்கு எந்தச் சில், அதாவது சிப், எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியாது. முதலில் எழுந்திருக்கும் ஃபெர்ம்வேர் என்ற அடிப்படை நிரல்தான் ஒரு விவரப் பட்டியலை அதன் கையில் கொடுக்கும். இந்த முகவரியில் ஒரு சீரியல் போர்ட், அதன் கடிகாரம் இந்த வேகம், அதன் பெயர் இது. பெயர் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். முதலில் அந்தச் சில்லின் சொந்தப் பெயர், அடுத்ததாக அது எந்தப் பொது ரகத்தைச் சேர்ந்தது என்பது. அந்தப் பெயரை வைத்துத்தான் லினக்ஸ் தன்னிடம் இருக்கும் டிரைவர் என்ற சின்ன நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தச் சில்லின் பொறுப்பைக் கொடுக்கும். சொந்தப் பெயர் தெரிந்த டிரைவர் இருந்தால் அதற்கு. இல்லாவிட்டால் பொது டிரைவருக்கு. பொது டிரைவர் முப்பது வருடப் பழசு, எந்தச் சில்லோடும் ஏறக்குறைய பேசிவிடும். இந்த ஏறக்குறையதான் வினை.

புது போர்டு வந்தபோது அதைச் செய்தவர்கள் இரண்டு பெயரும் எழுதிய பட்டியலைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு என் பழைய பட்டியலை வைத்தவள் நான். அதில் பொதுப் பெயர் மட்டும்தான் இருந்தது, பழைய போர்டுக்கு அது போதும். மாட்டினேன், ஓடியது, ஒரு மத்தியானம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். எங்கள் ஊரில் எதற்கும் ஒரே பரீட்சைதான். ஓடுதுங்களா? ஓடுதுங்க. பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றவர்களை அதற்காக நான் எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன்.

புதுச் சில்லுக்கு ஒரு குணம் உண்டு. அது எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசும் முறையை மாற்றச் சொன்னால் மாற்றாது, மாற்றவில்லை என்று சத்தமும் போடாது. என் பெட்டியோ ஒரே கம்பியில் இருவரோடு பேசுகிறது. மிஷினின் பேனலுக்கு ஒரு முறை, சோடா பம்புக்கு வேறு முறை. ஒவ்வொரு தவணைக்கும் முறையை மாற்றியாக வேண்டும். என் மாடியில் சோதித்தபோது கம்பி அமைதியாக இருந்தது, எல்லாத் தடவையும் மாறியது. இங்கே சுற்றிலும் பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன, கம்பியில் எப்போதும் இரைச்சல். சில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆணை போனால் முறை மாறாது, பம்புக்குப் புரியாது, ஒரு தவணை சோடா தொட்டியிலேயே தங்கிவிடும். சொந்த டிரைவருக்கு இந்தக் குணம் தெரியும். மாறியதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும், மாறாவிட்டால் சில்லைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுதும். பொது டிரைவர் எழுதிவிட்டு நம்பிக்கையோடு போய்விடும், என்னைப் போலவே.

தொட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பி, மற்ற மிஷின்கள் ஓடும்போது பம்பை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பத்தில் இரண்டு தவணை போகவில்லை. பட்டியலில் போர்ட்டுக்குச் சொந்தப் பெயரை முதலில் எழுதி, பொதுப் பெயரை அதற்குப் பின்னால் போட்டு, பெட்டியை மறுபடி எழுப்பினேன். இந்தத் தடவை சரியான டிரைவர் வந்து உட்கார்ந்தது. ஐந்து முறை ஓட்டினேன். ஐந்து முறையும் தொட்டி வறண்டது. நாலாம் மிஷினுக்கும் அப்படியே செய்தேன். மாற்றியது ஒரே ஒரு வரி. மாஸ்டர் என் பக்கத்தில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி ஒவ்வொரு தடவையும் விரலால் அடியைத் தடவினார்.

"நாளைக்கு லேப் கணக்கு அப்படியே போடுங்க பாய். ஒரு கிராம் கூட்டக் கூடாது," என்றேன்.

பின்னால் கூட்டுவது போதாமல், கொஞ்ச நாளாக இரண்டாம் மிஷினுக்கு ஆரம்பத்திலேயே சாயத்தைக் கைநிறையக் கூட்டி வந்ததாக அவர் அப்போதுதான் சொன்னார். இப்போது சோடா முழுதாகப் போய், அவரும் கூட்டிவிட்டால் துணி கறுத்துவிடும். கறுத்த துணியை மக்கை வைத்துச் சரிசெய்ய முடியாது. நான் தப்பாகக் கண்டுபிடித்திருந்து அவர் கூட்டாமல் விட்டாலோ, மறுபடி வெளிறும், சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"தங்கச்சி, உங்க பேச்ச நம்பி என்ற பொழப்ப வெக்கறனுங்க," என்றார்.

"வெய்ங்க," என்றேன். அந்த வார்த்தையில் சந்தேகம் எதுவும் இல்லை. கண்டுபிடித்ததில் எனக்கு உறுதி இருந்தது. அதே உறுதியோடுதான் புதன்கிழமையும் பேசினேன் என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லாட் ஏற்றினார்கள். மாஸ்டர் தராசில் சாயத்தை அளக்கும்போது நான் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். லேப் எழுதிய கணக்கு வந்து நின்றதும் கரண்டியை நிறுத்தினார். கரண்டி நுனியில் இன்னும் கொஞ்சம் பவுடர் இருந்தது, அதைத் திரும்ப டப்பாவில் தட்டினார். பதினோரு மணிக்குச் சோடா பத்துத் தவணையும் போய்த் தொட்டி காலியானது. ஆபரேட்டர் எங்கள் இருவரையும் அழைத்துக் காட்டிவிட்டுத்தான் கழுவினார். பன்னிரண்டரைக்கு மாஸ்டர் ஜும்மா தொழுகைக்குப் போனார், இரண்டு மணிக்குள் திரும்பி வந்தார். சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அயன் பண்ணிக் காய வைத்து, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் லேப் மாதிரியையும் காலர் ரிப்பையும் பக்கத்தில் போட்டார்கள். விளக்கை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம். மூன்றிலும் எது லேப், எது லாட், எது ரிப் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாஸ்டர் பார்க்கவே இல்லை. முதலாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது," என்றார் முதலாளி. பிறகு மாஸ்டரின் தோளில் தட்டி, "பரவால்லீங்க மாஸ்டர், கண்ணு திரும்ப வந்துருச்சு," என்று சிரித்தார்.

மாஸ்டரும் சிரித்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல், அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டு, வேலை தங்கியது போதும் என்று சிரித்த சிரிப்பு அது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவரு கண்ணு எங்கியும் போகலீங்க," என்றேன். "தப்பு நான் கட்டுன பொட்டிலதானுங்க. நாலு மாசமா சோடா முழுசாப் போகல. ஃபெர்ம்வேர்ல நான் ஒரு பேர அரகொறையா எழுதி வெச்சதுனால வந்தது. அந்தத் துணியெல்லாம் இத்தன நாளு தேறுச்சுன்னா அது அவரு கண்ணாலதானுங்க."

முதலாளி விளக்கை அணைத்தார். "புதன்கெழம ஃபோன்ல வேற மாதிரிச் சொன்னீங்களே அம்மிணி?"

"தப்பாச் சொன்னனுங்க."

அவர் பெட்டிக்குள் இருந்த துணித் துண்டுகளை எடுத்து மடித்தார். பிறகு, வெளியில் கேட்டால் ஏதோ வயர் லூஸ் என்று சொல்லிக்கொள்ளலாம், உங்கள் தொழிலும் கெட வேண்டாம் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். வேண்டாம் என்றேன். இதே பட்டியலோடு இன்னும் மூன்று பட்டறைகளில் என் புதுப் பெட்டி ஓடுகிறது, நாளையே போய் மாற்றப் போகிறேன், அங்கேயும் மாஸ்டரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் சொல்லப் போகிறேன் என்றேன். மாஸ்டருக்குக் கண் போய்விட்டது என்று முதலாளி யாரிடமெல்லாம் சொன்னாரோ அவர்களிடம் இதையும் அவரே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சொல்கிறேன் என்றார். அங்கேயே நின்று இரண்டு ஃபோன் பேசவும் செய்தார்.

நான் வயர்களைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். முகம் தெளிந்திருந்தது. காதில் ஃபோன்.

"ஊட்ல இருக்கறாங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்கறாங்க. மொதலாளிகிட்டச் சொன்னத அப்படியே ஒருக்காச் சொல்லுங்க தங்கச்சி," என்று நீட்டினார்.

நான் வாங்கி, உங்கள் வீட்டுக்காரரின் கண்ணுக்கு ஒன்றுமில்லை, தப்பு நான் கட்டிய பெட்டியில் இருந்தது, இப்போது சரிசெய்தாகிவிட்டது என்று சொன்னேன். தெளிவாகவே சொன்னேன். அந்தப் பக்கம் அந்த அம்மா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நாலு மாசமா இந்த மனுசன் சோறு எறங்காம, பச்சக் காயி எது பழுத்த காயி எதுன்னு எங்கிட்டக் கேட்டுக் கேட்டுத் தன் கண்ணச் சோதிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தாரே, அது உங்களாலதானுங்களா?"

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

"சரிங்க," என்றார் அந்த அம்மா. "அவருகிட்டக் குடுங்க."

கொடுத்தேன்.